தரையா, கூரையா?

பெரகலயில் மகன் நிமலனுக்குப் பெண் பார்க்க வந்த ஜெயலெட்சுமிக்கு, பெண்ணின் வயதில் சந்தேகம். பெண் ஜீவராணி கணக்கு டீச்சர்.

"இருபத்தொன்பதுன்னு தரகர் சொன்னாரு. அடுத்த மாசமே முப்பதாமே?"

"ஆமாங்க. வயசுன்னா முடிஞ்ச வருஷத்தத்தானே சொல்லுவோம். முப்பதுக்கு ஒரு நாள் கொறைஞ்சாலும், கீழ இருக்கிற முழு எண் இருபத்தொன்பதுதான். கணக்குல அதுக்குப் பேரு தரைச் சார்பு."

"மேல இருக்கிற எண்ணச் சொன்னா?"

"அது கூரைச் சார்புங்க. முப்பது வரும்."

ஜெயலெட்சுமி எழுந்து மகனிடம் முணுமுணுத்தாள்.

"கொறைச்சுச் சொல்லிட்டுக் கணக்குப் பேசுது. இன்னும் என்னென்ன மறைச்சிருக்கோ. வா, போவோம்."

அது ஜீவராணியின் காதிலும் விழுந்தது. முகம் வாடினாலும் நிமலனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கு முப்பதுன்னு சொன்னாங்க. அது தரையா, கூரையா?"

தாய் அவன் தோளை அழுத்தினாள். நிமலன் எழவில்லை.

"கூரைங்க. எனக்கு இருபத்தொன்பது முடிஞ்சு ஆறு மாசம்தான் ஆகுது. பொண்ணு வயசேதான்னு நீங்க வேணாம்னுடுவீங்களோன்னு பயந்து, அம்மாதான் முப்பதுன்னு ஏத்திச் சொல்லிட்டாங்க."

ஜெயலெட்சுமிக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

ஜீவராணி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க அத்தை."