ஆள் பிடிக்க வந்த டீச்சர்

"ஒங்க குரூப்புக்கு ஆளு பத்தலைன்னு ஊடு ஊடா வந்துகினு கீறீங்களா டீச்சர்?"

வசந்தி நேராகவே கேட்டுவிட்டாள். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்த ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்றாள்.

நொச்சிக்குப்பம் குடியிருப்பில் மூன்று மாடி ஏறி வந்த ஜமீலுன்னிசாவுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். மறுபடி வந்து உட்கார்ந்தார். பதினோராம் வகுப்பில் எந்த குரூப் என்று முடிவாகச் சொல்ல நாளைதான் கடைசி நாள்.

"ஆஷா எங்கம்மா?"

"ஐஸ் வாங்கப் போய்க்கீறா. வர்ற நேரந்தான். அவதான் ஹிஸ்டரி குரூப்புன்னு சொல்லிட்டாளே, அப்பால இன்னா?"

"அதை மாத்தத்தான் வந்தேன். பயாலஜி எடுக்கட்டும். பத்தாவதுல சயின்ஸ்ல அவ வாங்கியிருக்கற மார்க்குக்குத் தாராளமா கிடைக்கும்."

"எட்த்து?"

"நர்ஸ் ஆகணும்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தா. ஹிஸ்டரி குரூப் படிச்சா நர்ஸிங் காலேஜ்ல சேர்த்துக்க மாட்டாங்கம்மா. ரெண்டு வருஷம் கழிச்சு அழுது பிரயோஜனம் இல்ல. இப்ப விட்டா விட்டதுதான்."

வசந்தியின் முகம் ஒரு நொடி மாறியது. போன வருடம் படகில் கால் நசுங்கி அவள் கணவன் லாசர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ராப்பகலாகக் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் ஆஷாதான். கட்டு மாற்றும்போது பெரியவர்களே திரும்பிக்கொள்வார்கள். அவள் மட்டும் கிட்டப் போய் நின்று பார்ப்பாள்.

ஆனாலும் வசந்தி இறங்கி வரவில்லை.

"பயாலஜின்னா சாய்ந்தரம் ஆறு மணி வரிக்கும் ஸ்பெஷல் கிளாஸாமே? எனக்கு யாவாரமே சாய்ந்தரந்தான். ஒண்டி ஆளு, மீன வெட்டுவனா, தராசு புடிப்பனா? ஹிஸ்டரின்னா நாலு மணிக்கு வந்துடுவா. என் பொண்ணு அதுலயே இருக்கட்டும். ஒங்க குரூப்புக்கு வேற ஊட்டாண்ட போய்க் கேளுங்க டீச்சர்."

ஜமீலுன்னிசா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டார். அப்படியே படியிறங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. போனேன், சொன்னேன், கேட்கவில்லை என்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. கால் ஒன்று படியில் இருந்தது, ஒன்று வாசலுக்குள்ளேயே நின்றது.

அப்போதுதான் ஆஷா ஐஸ் மூட்டையோடு மேலே ஏறி வந்தாள்.

"மிஸ்! நீங்களா?"

"ஆஷா, நிஜத்தைச் சொல்லு. நர்ஸ் ஆகற ஆசை இருக்கா, போயிடுச்சா?"

ஆஷா அம்மாவைப் பார்த்தாள். மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"எப்படி மிஸ் போவும்? அம்மா தனியா கஷ்டப்படுதேன்னுதான்..." என்றவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மிஸ், நீங்க..."

"என்னை விடு. இப்ப உன் பேச்சுதான்."

உள்ளறையிலிருந்து லாசர் காலை இழுத்துக்கொண்டே வெளியே வந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான்.

"ஏமே, நான் கடையில குந்திகினு தராசு புடிச்சா ஆவாதா?"

"நீயா? அரைக் கிலோ கேட்டா முக்காக் கிலோ போட்டுக் குட்த்துட்டு இளிச்சிகினு இருப்ப."

"ரெண்டு நாளைக்கு ஏமாறுவேன். அப்பால கத்துக்க மாட்டனா? நான் கெடந்தப்ப எனக்காவ முழிச்சிகினு இருந்த பொண்ணுமே அது. படிக்கட்டும் உடு."

வசந்தி புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ரெண்டு பேரும் இத்தினி நாளு வாயத் தொறந்தீங்களா? கல்லு மாரி இருந்துட்டு, இப்ப நான்தான் பொல்லாதவ." மூக்கை உறிஞ்சினாள். "எங்க டீச்சர் கையெழுத்துப் போடணும்?"

ஜமீலுன்னிசா காகிதத்தை நீட்டினார். போட்டு முடித்தும் வசந்தி விடவில்லை.

"கெலிச்சிட்டீங்க டீச்சர். ஒங்க குரூப்புக்கு ஒரு ஆளு கெட்ச்சிச்சு!"

ஜமீலுன்னிசா சிரித்தார். ஆஷாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார், யாருடைய மனமாவது மாறிவிடுமோ என்று பயந்தவர் போல.

மயிலாப்பூர் மாடவீதியின் நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைமையாசிரியை சுந்தரவல்லி அறையைப் பூட்டாமல் அவருக்காகவே காத்திருந்தார்.

"என்ன டீச்சர், ஆஷா வீட்டுல பேசினீங்களா? பொண்ணு உறுதியா இருக்காளா?"

"பயாலஜிக்கு மாறிட்டா மேடம். அம்மாவும் சம்மதிச்சிட்டாங்க."

சுந்தரவல்லி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்.

"நீங்களே போய் மாத்திட்டு வந்தீங்களா? இந்த ஒரு பொண்ணும் இல்லேன்னா குரூப்பை நடத்த ஆள் போதாது, மூடித்தான் ஆகணும்னு காலையிலதானே சொன்னேன்?"

"சொன்னீங்க மேடம்."

"இருபது வருஷமா இங்க ஹிஸ்டரி எடுத்தவங்க நீங்க. இனி உங்களை எந்த ஊருக்குத் தூக்கிப் போடப் போறாங்களோ!"