அவருக்கு நட்ட கல்

கல்லில் செதுக்கியிருந்த ஆளுக்கு வலது கையில் நான்கு விரல்கள்தான் இருந்தன.

கல்தச்சனுக்கு எண்ணத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தார், அதன் முன் வந்து நின்ற பெரியவர்.

பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.

சுட்டுவிரல் இல்லாத கை. இந்தக் கரைக்கு முதல்முறை வருவதற்கு முன்பே, வேறொரு நாட்டுச் சிறையில் போன விரல்.

கல்லில் இருந்தவருக்குத் தாடி இருந்தது. கணுக்கால்வரை அங்கி இருந்தது. தலையில் மயில்பீலி சூட்டியிருந்தார்கள். காலடியில் ஒரு கலயம் கள். சேவல் ரத்தம் இன்னும் காயவில்லை.

புன்னை மரத்தடியில், கடலைப் பார்த்து நட்டிருந்தார்கள்.

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் இந்தப் பரதவர் ஊரில்தான் பன்னிரண்டு பேரைக் கடலில் இறக்கித் திருமுழுக்குக் கொடுத்தார். சிலுவையில் அறையப்பட்டுச் செத்து, உயிரோடு எழுந்த தன் ஆண்டவரைப் பற்றிச் சொன்னார். கல்லைக் கும்பிட வேண்டாம் என்றார். மழைக்கு முன் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கப்பலேறினார்.

கப்பல் மூழ்கியது.

ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த தீவில் அவரை அடிமையாக விற்றார்கள். தப்பி வந்தபின் போன ஊரெல்லாம் அடி. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். அவரிடம் காய் ஒன்றும் இல்லை, அடி மட்டும் இருந்தது. எட்டு ஊர்களில் தொண்டை கிழியப் பேசியதெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

இந்த ஊர் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பில்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு பேரும் வேண்டாம். ஒரே ஒருவர் தன் ஆண்டவரை நினைவில் வைத்திருந்தால் போதும், நிம்மதியாகக் கண்ணை மூடிவிடலாம்.

இருந்தது இந்தக் கல்.

அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஆண்டவர் இருக்கவேண்டிய இடத்தில் தான் பீலி சூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்க உடம்பெல்லாம் கூசியது.

ஒரு பெண் பூவோடு வந்தாள்.

அவள் பெயர் சாத்தி. பன்னிரண்டு பேரில் முதலில் தண்ணீரில் இறங்கியவள். தலை நரைத்துவிட்டது.

அவளுக்கு அவரைத் தெரியவில்லை. வழிப்போக்கன் என்று நினைத்து, கும்பிட்டுக்கொள்ளச் சொன்னாள். கப்பலோடு மூழ்கிச் செத்த பெரியவருக்கு நட்ட கல் என்றாள். யவன மாலுமிகள்தான் சேதி கொண்டுவந்தார்களாம். அந்த வருடம் கடலுக்குப் போன ஐந்து பேர் திரும்பவில்லை. கடலில் செத்தவர் கடலில் இருப்பவர்களைக் காப்பார் என்று ஊர் கூடி நட்டது. அதற்குப் பிறகு இந்த எட்டு வருடத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் கையைப் பார்த்தாள்.

பிறகு கல்லில் இருந்த கையைப் பார்த்தாள்.

காலில் விழுவாள் என்றுகூட அவர் ஒரு கணம் ஆசைப்பட்டார். என்ன இருந்தாலும் மனுசன்தானே.

அவள் கடலைப் பார்த்தாள். கட்டுமரங்கள் கரை திரும்பும் நேரம். அவள் கணவன் வேட்டனும் அவற்றில் ஒன்றில் இருந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்து, அவருடைய மேல்துணிக்குள்ளேயே வைத்து மூடினாள்.

"போயிருங்கய்யா. நீங்க செத்துட்டீங்கன்னு நம்பித்தான் எங்க ஆம்பளைங்க கடலுக்குப் போறாங்க."

அந்தக் கல்லில் ஒன்றும் இல்லை என்றார் அவர். கடலைக் காப்பவர் வேறொருவர் என்று தொடங்கினார். எட்டு ஊர்களில் சொன்ன அதே வார்த்தைகள். பாதியில் விட்டுவிட்டார்.

அவள் மறுத்துப் பேசவில்லை. உங்களை உயிரோடு பார்த்துவிட்டால் நாளைக்கு எவன் துணிந்து துடுப்பை எடுப்பான் என்று மட்டும் கேட்டாள்.

பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டாள்.

"நீங்க சொன்னீங்களே, அவரும் செத்து மூணாம் நாளு எந்திரிச்சு வந்தாருல்ல. வந்தவரு அவுக சனத்தோடயே இருந்துட்டாராய்யா?"

நாற்பது நாள் இருந்தார் ஆண்டவர். பிறகு விண்ணுக்குப் போய்விட்டார்.

"இல்லம்மா," என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தொலைவில் முதல் கட்டுமரம் தெரிந்ததும் அவர் எழுந்தார். வடக்கே போகும் வழியை அவள் காட்டினாள். கையைத் துணிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தார். இனிப் போவதற்கு ஊர் இல்லை. ஆண்டவரிடம் கேட்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. எதற்காக இத்தனை கடல் தாண்டினோம் என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

வழியில் கடல்நீர் புகுந்த ஒரு கழி. முழங்காலளவு தண்ணீர். நடுவில் வந்தபோதுதான் உறைத்தது.

மூணாம் நாளு என்றாளே.

இன்று அவர் அதைச் சொல்லவே இல்லை. சொன்னது ஒன்பது வருடங்களுக்கு முன்.

திரும்பிப் பார்த்தார்.

ஆண்கள் கரையேறிக் கல்லைச் சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாத்தியும் அவர்கள் நடுவில் நின்றாள். அவள் மட்டும் கல்லைப் பார்க்கவில்லை.

ஒரு எட்டு அவளை நோக்கி எடுத்து வைத்தார்.

கூட்டத்தில் ஒருவன் நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கழிப்பக்கம் பார்த்தான்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வடக்கே நடந்தார்.