சமையலறை ஜன்னல் திரை

வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் போய்ச்சேர மூன்று வருடமாக அலைந்துகொண்டிருந்தாள் அந்தத் தையல்காரி. அந்த நாட்டில் அவள் காலடி பட்டதே இல்லை. ஆனாலும் விசா நேர்காணலில் எந்தக் கேள்விக்கும் அசரவில்லை.

"அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல்ல என்ன இருக்கு?" என்று மடக்கிப் பார்த்தார் அதிகாரி.

"நீலக் கட்டம் போட்ட திரைங்க. நான் தச்சது."

விசாவுக்காகச் செய்த எத்தனையோ போலிக் கல்யாணங்களைக் கண்டுபிடித்தவர் அவர். "தம்பதின்னா இப்படி இருக்கணும்மா," என்று மனம் குளிர்ந்து முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னது அவளுக்கு உறைத்தது. அப்படியொரு திரையை அவள் தைத்ததே இல்லை. கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஒரு பொய் சொல்லிட்டேங்க. உங்க சமையலறையில நான் தச்ச திரை இருக்குன்னு."

"அந்த ஜன்னல் மொட்டையால்ல கிடக்கு!" சிரித்துக்கொண்டே எழுந்து போனான். சமையலறை விளக்கைப் போடும் சத்தம் போனில் கேட்டது.

"நீலக் கட்டம்," என்றான் மெல்ல. "அடேயப்பா, என்ன நேர்த்தியான தையல்! கடைசி ஒரு சாண்தான் பாக்கி. ஊசி அதுலயே குத்தியிருக்கு."

அவள் மெஷின் மேலிருந்த, ஊசிகள் குத்திவைக்கும் பஞ்சுப் பந்தைப் பார்த்தாள். அதில் ஓர் ஊசி குறைந்திருந்தது. நீல நூல்கண்டைக் கையில் எடுத்தாள்.

"அதை உருவிடாதீங்க," என்றாள். "இன்னைக்கே முடிச்சுடறேன்."