எருமைத்தோல்

அந்த ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் காதுக்குப் பின்னால், எலும்பில் ஒரு திருகாணி பதித்துவிடுவார்கள். மேனேஜர் குணசீலனின் குரல் அதன் வழியாக நேரே மண்டைக்குள் இறங்கும்.

"பல்லக் காட்டிச் சிரி. எருமத்தோலு! மண்டைல ஏறுதா?"

எஸ்தருக்கு ஏறவில்லை. திருகாணியின் மேல் தோல் தடித்து மூடிக்கொண்டது. இரண்டு முறை அறுத்தார்கள். மூன்றாவது முறையும் வளர்ந்து, இப்போது சீழும் வைத்துவிட்டது.

கடை டாக்டர் கையுறையை மாட்டினார். "இந்தத் தடவ அடியில இருக்கிற சதையையும் சுரண்டி எடுத்துர்றேன். அந்த எடத்துல முடி முளைக்காது, பரவால்லியா? ஒங்க மேனேஜரப் பாருங்க. அவருக்கும் இதே திருகாணிதான். மொதலாளி திட்றதெல்லாம் அதுலதான் வருது. பத்து வருஷமாச்சு, அது மேல தோல் ஒரு நூலளவுகூட வளரல. தோல்னா அது தோல்!"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே குணசீலன் வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, "சரிங்க மொதலாளி, தப்புதாங்க மொதலாளி" என்று குழைந்துகொண்டிருந்தார்.

எஸ்தர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"வளரணும்னா கொஞ்சமாவது சூடு சொரணை வேணும்ல, டாக்டர்?"