சுவீடன் குளிர்

"பாலு கூடவா கட்டியா பூடும், மாப்ள?"

போனுக்குள் மாப்பிள்ளை பிரவீன் தடித்த ஜாக்கெட்டில் நடுங்கிக்கொண்டிருந்தான். பின்னால் வெண்பனி மூடிய ஒரு லாரி. இப்படி நடுங்குகிற மாப்பிள்ளை சேரப்பணஞ்சேரியில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறார் என்று முனியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. சுவீடன் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்து என்ன, போகப்போவது மகள் சுகப்பிரியாதானே.

பால் மட்டுமா, குழாயில் தண்ணீரே உறைந்துவிடும், வண்டிக் கண்ணாடியைச் சுரண்டினால்தான் ரோடு தெரியும் என்றான் பிரவீன். வாசலில் வைத்த ரோஜாச் செடிகள் ஒரே ராத்திரிப் பனியில் கருகிவிட்டனவாம். கனகாம்பரமாவது வருமா என்று முனியம்மாள் கவலையோடு விசாரித்தாள். புல்லே பிழைக்காத ஊரில் கனகாம்பரமா என்று அவன் சிரித்தான்.

நாளை நிச்சயதார்த்தம்; மாப்பிள்ளை போனிலேயே கலந்துகொள்வாராம். அதற்குள் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டு நிபந்தனை. எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. விடப்போகிற வேலைக்கு விவரம் எதற்கு?

சுகப்பிரியாவுக்கு வேலையை விட மனசே இல்லை. மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்காதே என்று அதட்டி, போனை அவள் கையில் திணித்தாள் முனியம்மாள்.

"இந்தக் குளிரு உங்களுக்குத் தாங்குமாங்க?" என்றான் பிரவீன், கரிசனத்தோடு.

அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"பின்னாடி லாரிக் கண்ணாடியில இன்னாங்க அது, கோலம் மாதிரி கீது?"

பிரவீன் திரும்பிப் பார்த்தான். பனியில் விரலால் போட்ட கோலம்தான். அசரவில்லை.

"இங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்க இல்ல. மார்கழியாச்சே, எவளோ ஒருத்தி கிறுக்கிட்டுப் போயிருக்கா."

சுகப்பிரியாவின் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

"அந்த எவளோ ஒருத்தி நான்தாங்க. இங்க ஒரகடத்துல, எங்க கம்பெனில வண்டியக் குளிர்ல வெச்சு டெஸ்ட் பண்ற ரூம்ல, காலைல நான் போட்ட கோலம் அது. ஜாக்கெட்ட எடுத்த ஆணியிலயே மாட்டிட்டுப் போங்க, நாளைக்குக் காலைல ஏ ஷிஃப்ட்டுக்கு எனக்கு வேணும்."