வியாழக்கிழமை அழைப்பு

ஐந்து மாதம் கழித்து இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்த ஹேசல், அவள் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கத்தினாள்.

"கெட்டிலுக்கு இன்ஷூரன்ஸ், டோஸ்டருக்கு இன்ஷூரன்ஸ், வீட்ல இல்லாத துணி டிரையருக்குமா? யாரும்மா உன் தலையில கட்டினது?"

"ஒரு பொண்ணுடி. வியாழக்கிழமை தவறாம போன் பண்ணும். அவ்வளவு ஆசையா விசாரிக்கிறவகிட்ட எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றாள் வினிஃப்ரெட்.

"எப்ப வேணும்னாலும் ரத்து பண்ண உனக்கு உரிமை இருக்கு. இன்னிக்கே பண்ணு."

"பண்ணிட்டா அப்புறம் கூப்பிட மாட்டாளே."

சொல்லி வாய் மூடுமுன் போன் மணி அடித்தது. ஹேசல் பாய்ந்து ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"சாப்பிட்டீங்களாம்மா? இந்த மழைக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்றது இளங்குரல்.

அடுத்த வரியை ஹேசலின் உதடுகள் முந்திக்கொண்டு முணுமுணுத்தன: "தனியா இருக்கீங்களேன்னு மனசு கேக்கலம்மா."

அதே வார்த்தைகள் ஸ்பீக்கரிலும் வந்தன.

வினிஃப்ரெட் போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஆபீஸ்லேர்ந்து போன்ல இன்ஷூரன்ஸ் விக்கிற பொண்ணுங்களுக்கு இந்தப் பேச்சை நான்தாம்மா எழுதிக் குடுத்தேன்."

வினிஃப்ரெட் ஆறிப்போன தேநீரை நகர்த்தி வைத்தாள்.

"அப்போ இதெல்லாம் கேக்கணும்னு உனக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."