பின் கண்ணாடியில் டேப்பின் தடம்

நடுப்பகல் வெயிலில் பசை இளகி, நகத்தோடு நூல் நூலாக இழுபடுகிறது. வாடகைக் கார் ஓட்டுநர் தன் வண்டியின் பின் கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். ‘காணவில்லை’ தாளைக் கிழித்தாயிற்று. டேப்பின் தடம் மட்டும் நாலு பக்கமும் அழுக்குச் சட்டமாக நிற்கிறது. அது போனால்தான் புதுத் தாள் ஒட்டும். பழைய தாளில் மகளின் படம் சரி, உயரம் சரி, நம்பர்தான் தப்பு. சமையல் கேஸ் பதிவிலிருந்து கார் இன்சூரன்ஸ் வரை யார் கேட்டாலும் வீட்டில் மகளின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். அச்சுக்கடைக்காரர் கேட்டபோதும் அவர் வாய் தானாக அதையே ஒப்பித்துவிட்டது. காணாமல் போனவளின் போன் அது, அன்றிலிருந்தே சுவிட்ச் ஆஃப்.

“நாலு நாளுங்க,” என்கிறாள் மனைவி. மகள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைத் துணியில் ஊற்றுகிறாள். “யாராவது பாத்துட்டுக் கூப்பிட்டிருந்தா?”

“வாயை மூடுடி.” அவர் துணியைப் பிடுங்கித் தேய்க்கிறார். பசை கறுப்புத் திரியாக உருண்டு உருண்டு விழுகிறது. பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு பழைய பனியன். கண்ணாடி கீச்சிடுகிறது, கடைசியில் பளிச்சென்று வெறுமையாக நிற்கிறது. மனைவி புதுத் தாளை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள்.

“ஒட்டறதுக்கு முன்னாடி ஒருதடவை சரிபாத்துடுவோம். உங்க நம்பரைச் சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தடங்கலே இல்லாமல் கடகடவென்று சொல்கிறார். தாளில் விரல் வைத்துப் பார்த்துவந்தவள் மூன்றாவது எண்ணிலேயே நின்றுவிடுகிறாள். அவர் சொல்லி முடித்தது மகளின் நம்பர்.